விகுதி காட்டாத வேறுபாடு

ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும் பெயரடையோடு ‘லி’ விகுதியைச் சேர்த்தால், செயல் நிகழும் விதத்தைச் சொல்லும் வினையடை கிடைத்துவிடும் என்பது ஆங்கில இலக்கண வகுப்புகளில் முதலில் கற்பிக்கப்படும் விதி. ‘குவிக்’ என்பது ‘குவிக்லி’ ஆவது இவ்விதிப்படிதான் என்றாலும், வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்லின் வகையைத் தீர்மானிக்கும் பழக்கமே பல பிழைகளுக்கு இடம்தருகிறது. ‘ஃபிரெண்ட்லி’, ‘லோன்லி’ ஆகியவை அவ்விகுதியோடு முடிந்தும் பெயரடைகளே. ‘ஃபாஸ்ட்’ விகுதியின்றியே இரு பணிகளையும் செய்கிறது. ‘ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறார், ‘ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றாலோ ஏறக்குறைய உழைப்பதே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதியில் ‘எ’ என்னும் உயிரொலியைச் சேர்த்து வினையடையை ஆக்கும் வழக்கம் இருந்தது. இடைக்காலத்தில் அவ்வொலி தேய்ந்து மறைந்தபோது இரண்டும் ஒரே வடிவம் கொண்டன. சாலையோரப் பலகைகளில் காணப்படும் ‘டிரைவ் ஸ்லோ’வைப் பிழை என்று திருத்த முனைவோர், விகுதியற்ற வினையடைக்கு இத்தனை நீண்ட மரபு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1762-இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் ராபர்ட் லவுத், பெயரடையை வினையடையாக ஆள்வது முறையன்று எனக் கண்டித்தார்; அவர் குற்றம் கண்ட எழுத்தாளர்களுள் பெருங்கவிஞர் டிரைடனும் ஒருவர் என்பது, அக்கண்டனம் வழக்கை விவரித்ததைவிட வழக்கைத் திருத்தவே முயன்றது என்பதைக் காட்டுகிறது.

தமிழர்க்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ‘அழகாகப் பாடினாள்’, ‘அழகாக இருக்கிறாள்’ என்னும் இரண்டிலும் தமிழ் ‘ஆக’ என்னும் ஒரே ஈற்றைக் கொள்ள, ஆங்கிலமோ முன்னதற்கு ‘பியூட்டிஃபுலி’ என்றும் பின்னதற்கு ‘பியூட்டிஃபுல்’ என்றும் பிரித்துவிடுகிறது. பாடுதல் செயல், இருத்தலோ எழுவாயை அதன் தன்மையோடு இணைக்கும் வினை. ‘லுக்’ போன்ற சில வினைகள் இரு நிலையிலும் வரும் என்பதால், ‘ஹி லுக்ட் ஆங்ரி’ என்றால் அவன் முகத்தில் கோபம் தெரிந்தது என்றும், ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் தி அம்பயர்’ என்றால் அவன் நடுவரைக் கோபமாகப் பார்த்தான் என்றும் பொருள் மாறுகிறது. எனவே, அடை எதைத் தழுவுகிறது என்ற கேள்வியே விதிக்கு முன் எழ வேண்டியது. அக்கேள்வியைக் கேளாமல் விகுதியை மட்டும் பற்றிக்கொள்வதால்தான், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோரிலும் சிலர், இலக்கணம் பிசகிவிடுமோ என்றஞ்சி, ‘ஐ ஃபீல் பேட்’ என்று இயல்பாக வரும் இடத்தில் ‘பேட்லி’ என்று கூடுதலாகத் திருத்திக்கொள்கின்றனர்.