ஒரே கம்பெனி, ஒரே பொய்: நியூயார்க்கில் வாங்கியவருக்கு நஷ்டஈடு, நம்ம ஊரில் வாங்கியவருக்குப் பட்டை நாமமா?

தோழர்களே,

இன்னைக்கு ஷேர் மார்க்கெட் பத்திப் பேசுவோம். "அது பணக்காரங்க விஷயம், நமக்கெதுக்கு"ன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. நாட்டில் டிமேட் கணக்குகள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரோ ஒருவர் இன்று போனிலேயே ஐபிஓ அப்ளை பண்ணுகிறார்.

2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். முந்தைய நாள் 179 ரூபாயில் முடிந்த ஷேர், அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்து நின்றது.

சத்யம் பங்குகள் நியூயார்க் சந்தையிலும் விற்றன. அங்கே வாங்கியவர்கள் 'கிளாஸ் ஆக்‌ஷன்' வழக்குப் போட்டார்கள். அதாவது, ஒரே பொய்யால் நஷ்டப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்கு. முன்னால் நின்று நடத்துவது ஓரிருவர்தான். தீர்வு மொத்தப் பேருக்கும். 2011ல் சத்யம் 12.5 கோடி டாலரும், ஆடிட்டர் பிடபிள்யூசி தரப்பு 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன.

நம்ம ஊர் முதலீட்டாளர்? ஒரு முதலீட்டாளர் சங்கம் சிறு முதலீட்டாளர்களுக்காக தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. ஆணையம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2009லேயே கைவிரித்தது. 2015ல் ராஜுவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. ஆனா தண்டனை வேற, போன பணம் திரும்பி வர்றது வேற. இதைவிடக் கொடுமை, அமெரிக்காவுக்குப் போன அந்த 12.5 கோடி டாலர் கம்பெனியின் பணம். அதில் இந்தியப் பங்குதாரர்களின் பங்கும் இருக்கிறதே!

"ஷேர்னா ரிஸ்க்தானே, தோத்துட்டு அழலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நிலம் வாங்குறீங்க. விலை இறங்கினால் அது நம்ம நேரம். போலிப் பட்டா காட்டி வித்திருந்தால் அது மோசடி. வியாபார நஷ்டத்தை நாம் தாங்கலாம். பொய்யால் வந்த நஷ்டத்தை ஏன் தாங்கணும்?

ஃபேஸ்புக்கையே எடுத்துக்குங்க. 2012ல் ஐபிஓ வந்தபோது, மக்கள் மொபைலுக்கு மாறுவதால் வருமானம் அடிபடும் என்பதை மறைத்தார்கள் என்று முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018ல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 3.5 கோடி டாலர் கொடுத்து முடித்தது கம்பெனி.

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டம். ஐபிஓ தகவல் அறிக்கையில் பொய் சொன்னால் இயக்குநர்களும் நிறுவனர்களும் நஷ்டஈடு தரணும் என்கிறது பிரிவு 35. பாதிக்கப்பட்டவர்கள் குழுவாகவே வழக்குப் போடலாம் என்கிறது பிரிவு 37. பிரிவு 245ன்படி 100 பங்குதாரர்கள் சேர்ந்தால் கம்பெனி, இயக்குநர்கள், ஆடிட்டர் எல்லோர் மீதும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சட்டம் வந்தது 2013ல். இந்தப் பிரிவு அமலுக்கு வந்தது 2016 ஜூனில். பட்டியலிட்ட கம்பெனிகளுக்கான 2% பங்கு வரம்பு உள்ளிட்ட விதிகள் 2019 மே மாதத்தில். ஒரு கதவைத் திறக்க ஆறு வருஷம்!

திறந்த பிறகும் நுழைய முடியவில்லை. மதுரையில் ஒருவர், கோவையில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் 100 பேர் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? 20,000 ரூபாய் நஷ்டத்துக்கு யார் லட்சக்கணக்கில் வக்கீல் ஃபீஸ் கட்டுவார்? ஜெயித்தால் மட்டும் பங்கு வாங்கிக்கொள்ளும் அமெரிக்க முறைக்கு இங்கே வழக்கறிஞர் விதிகளில் இடமில்லை.

அதனால் ஒன்றிய அரசிடம் நாம் கேட்க வேண்டியது நான்கு:

1. பிரிவு 125ன்படி முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியிலிருந்து வழக்குச் செலவைத் திருப்பித் தரலாம். செலவழித்த பிறகு தருவது போதாது. வழக்கு ஏற்கப்பட்டதுமே முன்பணம் தரணும்.

2. முதலீட்டாளர் பட்டியல் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் கையில் இருக்கு. வழக்கு வந்தால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் குறுஞ்செய்தி போகணும்.

3. வங்கிகளுக்குப் பிரிவு 245 பொருந்தாது என்ற விலக்கை நீக்கணும்.

4. நஷ்டஈடு முதலில் பொய் சொன்னவரின் பாக்கெட்டிலிருந்து வரணும். கம்பெனி கஜானாவிலிருந்து எடுத்தால், அது நம்ம பணத்தை எடுத்து நமக்கே கொடுக்கிற கதை.

கார்ப்பரேட் வரியைக் குறைக்க ஓர் அவசரச் சட்டம் போதுமாக இருந்தது. சிறு முதலீட்டாளருக்கு இந்த நான்கு திருத்தம் செய்ய எத்தனை வருஷம் வேணும்?

அதுவரை ஒரு வேலை செய்யுங்க. ஐபிஓ அப்ளை பண்ணும் முன் தகவல் அறிக்கையில் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதியைப் படிங்க. அந்த பிடிஎஃப்பைச் சேமித்து வைங்க. நாளைக்கு அதுதான் உங்கள் சாட்சி.

டிமேட் கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள் தோழர்களே!

#சிறுமுதலீட்டாளர்உரிமை #பொய்க்குப்பொறுப்பேற்பு