வாடகைக்கு வீடு வாங்குவோருக்கு



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றனர் நம் முன்னோர். தாம் குடியிருக்க வீடு கட்டுவோரை எண்ணிச் சொன்ன மொழி அது. பிறரைக் குடிவைத்து, அந்த வாடகையைக் கொண்டு முதுமையைக் கழிக்க எண்ணி வீடு வாங்குவோருக்கு அது இன்னும் மிகுதியாகவே பொருந்தும். தம் வீட்டின் குறையை ஒருவர் தாமே சுமப்பார். வாடகை வீட்டின் குறையைச் சுமப்பவரோ வேறொருவர்.

பாகலூரையே எடுத்துக்கொள்வோம். ஓசூரிலிருந்து கர்நாடகத்து மாலூருக்குச் செல்லும் சாலையில், மாநில எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என ஆலைகள் தொடர்ந்தன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. கேழ்வரகும் ரோசாவும் விளையும் நிலங்களின் ஓரங்களில் இன்று லைன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தோர் அவற்றில் குடியிருக்கின்றனர். எனவே, கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன், "ஒரு லைன் வீடு வாங்கிப் போட்டால் என்ன?" என்னும் எண்ணம் நம்மவர் பலருக்கு எழுகிறது. எண்ணம் தவறன்று. உழைத்துச் சேர்த்த பொருளை நல்வழியில் பெருக்குவது குடும்பத் தலைவரின் கடமையே. ஆயினும், எவ்வாறு வாங்குவது?

ஈராண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியர் என்னிடம் வந்தனர். கணவர் ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்திருந்தன. நான்கு அறைகள் கொண்ட ஒரு லைன் வீடு 30 இலட்சம் ரூபாய்க்கு விலைக்கு வந்திருந்தது. "மாதம் இருபதாயிரம் உட்கார்ந்த இடத்தில் வரும், வங்கிக் கடன் தானாகவே அடைந்துவிடும்" என்று தரகர் சொன்னாராம். "வாங்கலாமா, சாமி?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவருடைய துணைவியார், "அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார். அக்கேள்வியே அக்குடும்பத்தைக் காத்தது.

முதலாவதாக, பத்திரங்களைப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? உரிமையாளர் நேரில் வராமல், அதிகாரப் பத்திரம் பெற்றவர் மட்டும் வந்தால் ஐயுற வேண்டும். வெறும் அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. மனை அங்கீகாரம் பெற்றதா என்பதையும் கேட்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொணர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். எல்லைக்கு அப்பால் வாங்குவோர், அங்கே பட்டாவுக்கு மாறாகக் 'கத்தா' முதலிய வேறு ஆவணங்கள் வழங்குவதை அறிந்து, அவ்வூர் வழக்கறிஞரைக் கொண்டே பார்க்கட்டும். மற்றொன்றும் உண்டு. 1892-ஆம் ஆண்டின் ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கச் சட்டம் இடம் தராது. மலிவாகக் கிடைத்தாலும் ஏழையின் நிலம் நமக்கு வேண்டாம்.

இரண்டாவதாக, தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்கள் பல. அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. ஆதலால், வீட்டின் சுண்ணாம்பு வெள்ளையைப் பார்த்து மயங்காமல், ஆழ்துளைக் கிணற்றில் சித்திரை, வைகாசியில் நீர் வருமா என்று கேளுங்கள். அத்தம்பதியர் போய்க் கேட்டபோது, நான்கு குடித்தனங்களுக்கு ஒரே கழிப்பறை என்பதும், கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருப்பதும், நால்வருக்கும் ஒரே மின் இணைப்பு என்பதும் தெரியவந்தன. இவை எவற்றையும் தரகர் சொல்லவில்லை.

மூன்றாவதாக, கணக்கு. ஒரு தாளை எடுத்து மூவரும் எழுதிப் பார்த்தோம். விலை 30 இலட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 2,70,000. ஆக 32,70,000 ரூபாய். கையிலிருப்பது 12,70,000 போக, பணியிலிருக்கும் மகன் பெயரில் 20 இலட்சம் கடன். 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 20,300 ரூபாய். நான்கு அறைகளும் ஒரு நாளும் காலியாகாமல் இருந்தாலும் வாடகை 20,000 தான்! ஆண்டுக்கு ஒரு மாதமேனும் ஒவ்வோர் அறையும் பூட்டிக் கிடக்கும் எனக் கொண்டால் 20,000 குறையும். வீட்டு வரி, மோட்டார்ப் பழுது, கழிவுத் தொட்டி, வெள்ளையடிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 25,000 என வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது மாதம் 16,250. தவணைக்கு மாதந்தோறும் 4,050 ரூபாய் துண்டு விழுகிறது.

இந்த 4,050 ரூபாய் எங்கிருந்து வரும்? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். வேறு வழி காணாதவர் வாடகையை உயர்த்துவார். இருவர் தங்கும் அறையில் அறுவரை அடைப்பார். மின்சாரத்திற்கு அலகு ஒன்றுக்குத் தாம் கட்டுவதைவிட மிகுதியாக வாங்குவார். மோட்டார் எரிந்தால் பத்து நாள் தள்ளிப்போடுவார். காலி செய்பவரின் முன்பணத்தைத் திருப்பித் தர ஏதேனும் சாக்குச் சொல்வார். இவர் பிறவியிலேயே கொடியவரா? அல்லர். தவணை நாள் நெருங்க நெருங்க, நல்லவரும் இவ்வாறு மாறிவிடுகிறார். குடியிருப்பவருக்கு நீதி செய்வதும் மறுப்பதும் பத்திரம் எழுதும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணிப்பதைப் பற்றி நற்செய்தி பேசுகிறது. அது கணக்குப் பாடம் மட்டுமன்று, பிறரன்புப் பாடமுமாகும்.

இன்று கிடைக்கும் வாடகை என்றும் கிடைக்கும் என எண்ணுவதும் பிழை. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதிக் கைப்பேசி ஆலைப் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றனர். அவர்தம் போராட்டத்தை அடுத்து, தங்குமிடங்களின் அவலம் நாடறிந்த செய்தியாயிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. தொழிலாளருக்கு அது நற்செய்தி. ஆயினும், ஓர் ஆலையை மட்டும் நம்பி அறைகளைக் கட்டியவருக்கு அது ஓர் எச்சரிக்கை. நல்ல குடியிருப்பு எழுந்தால் நீரற்ற அறையை யார் நாடுவர்?

அக்குடும்பத்தார் அவ்வீட்டை வாங்கவில்லை. சில திங்கள் பொறுத்து, இரண்டு அறைகளும் தனித்தனிக் கழிப்பறைகளும் கொண்ட சிறு வீடு ஒன்றை 16 இலட்சத்திற்கு வாங்கினர். பதிவுச் செலவு 1,44,000. கடன் 4,74,000 மட்டுமே. அதே வட்டியில், அதே காலத்திற்கு, தவணை ஏறத்தாழ 4,800. செலவு போக வாடகை 8,125. மாதம் 3,300 ரூபாய் மிஞ்சும் என்பது கணக்கு. முதலாண்டிலேயே ஓர் அறை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. மோட்டாரும் ஒருமுறை எரிந்தது. மிச்சம் குறைந்தது, எனினும் தவணை தவறவில்லை, மறுநாளே மோட்டாரைச் சரிசெய்யவும் முடிந்தது. "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது இதுதானே?

இனி, குடிவைக்கும் முறை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். நம் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிடில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. வாடகைக்கு இரசீது தர வேண்டும். பிணக்கு எழுந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. அறைதோறும் தனி மின் இணைப்புப் பெற்றுத் தந்தால், வீடுகளுக்கு அரசு கட்டணமின்றி வழங்கும் மின்சாரம் குடியிருப்பவருக்கே போய்ச் சேரும். மாதந்தோறும் எழும் வாக்குவாதமும் ஒழியும். வெளிமாநிலத்தவர் எனில் ஒப்பந்தத்தை அவர் மொழி தெரிந்தவரைக் கொண்டு படித்துக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகளும் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் யாரோ ஒருவர் வீட்டில் வாடகைக்குத்தான் இருக்கின்றனர். அங்கே அவர்களுக்கு எத்தகைய வீட்டுக்காரர் வாய்க்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அத்தகையவராக இங்கே நாம் இருக்க இயலுமா? வாங்குமுன் இக்கேள்வியையும் கணக்குத் தாளின் கடைசி வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில், உயில் எழுதுவது பற்றிச் சிந்திப்போம்.