பாலமின்றி ஆற்றைக் கடக்கச் சொல்வதா?

ஒரு மென்பொருளின் பதிப்பெண்ணை உயர்த்துதல் எளிது. அதனை நம்பி நிற்போரை உடன் அழைத்துச் செல்லுதலே அரிது. அப்பாச்சி வலை வழங்கியின் வரலாறு இதனை நன்கு காட்டும்.

உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்தனுப்பும் நிரலே வலை வழங்கி. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் இராபு மெக்கூல் என்பார் இயற்றிய வழங்கி, 1994-இல் அவர் விலகியபின் பேணுவாரின்றி நின்றது. அதனைக் கையாண்டோரே ஆளுக்கொரு திருத்தம் செய்து வந்தனர். 1995-இல் எண்மர் கூடி அத்திருத்தங்களைத் தொகுத்தனர். அவ்வாறு பிறந்ததே அப்பாச்சி! அடுத்த ஆண்டே அது உலகில் மிகுதியாக வழங்கும் வலை வழங்கியாயிற்று. கையாண்டவனே குறையைக் களைந்தான். வெற்றிக்கு வேறு கரணியம் தேட வேண்டா.

1998-இல் வந்த 1.3-ஆம் பதிப்பின் வலிமை அதன் நடுக்கருவோடு நின்றதன்று. பிறர் எழுதிச் சேர்த்த கூறுகளிலும் அது வேரூன்றியிருந்தது. ஆயினும் யூனிக்சுத் தளங்களில், ஒரு செயற்பாடு ஒரு வேளையில் ஓர் இணைப்பையே தாங்கியது. பெருங்கூட்டம் வந்தால் நினைவகம் திணறியது. எனவே ஒரே செயற்பாட்டில் பல இழைகள் ஓடவும், பல தளங்களில் ஒன்றுபோல் இயங்கவும் 2.0-ஆம் பதிப்பைத் திட்டமிட்டனர். நோக்கம் நன்றே. ஆனால் விளைந்தது என்ன?

2000-இல் முன்னோட்டம் வந்தது. உறுதிப் பதிப்போ 2002 ஏப்பிரலில்தான் வந்தது. பழைய கூறுகளை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இழைமுறையோடு தம் நிரலைச் சேர்த்து இயக்க வேண்டாவெனப் பிஎச்பி ஆக்கியோரே எச்சரித்தனர். பழைய முறையிலும் இயங்கும் வழியொன்றை 2.0 வைத்திருந்தது என்பது உண்மையே. எனினும் பலர் 1.3-ஐ விட்டு அகலவில்லை. அதன் இறுதி வெளியீடு 2010-இல்தான் வந்தது. எட்டாண்டுகள் இரட்டைச் சுமை!

மாறாக, 2015-இல் மீவுரைப் பரிமாற்ற நெறியின் இரண்டாம் பதிப்பு வந்தபொழுது, 2.4 வரிசையிலேயே அதனை ஒரு தனிக்கூறாகச் சேர்த்தனர். வேண்டியவர் ஏற்றனர்; வேண்டாதவர்க்கு இடையூறில்லை. புதுமை புகுவதற்கு வீட்டை இடிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகலின், அடுத்த பெரும்பதிப்பைத் திட்டமிடுவோர் மூன்று நெறிகளைக் கொள்ளுதல் வேண்டும். கூறாகச் சேர்க்க இயலுவதைக் கூறாகவே சேர்க்க; நடுக்கருவை உடைக்காமல் செய்ய இயலாத மாற்றத்திற்கே புதிய முதலெண்ணைச் செலவிடுக. உடைக்கத்தான் வேண்டுமெனின், பழைய கூறுகள் இயங்கும் இடைப்பாலத்தை முதலிற் கட்டுக. பழைய பதிப்பைப் பேணும் காலவெல்லையை முன்னரே அறிவிக்க. மூன்றாவதே தலையாயது: அக்குழுவின் நெறிப்படி, உறுப்பினர் ஒருவர் தக்க கரணியங் காட்டி மறுத்தாலும் நிரல்மாற்றம் நின்றுவிடும். ஆனால் வெளியிலிருந்து கூறுகளை எழுதுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. மாற்றத்தின் சுமையைச் சுமப்பவரோ அவர்களே! வரைவு எழுதும் நாளிலேயே அவர்களை அழைத்துக் கேட்க வேண்டும்.

கையாண்டோரின் திருத்தங்களால் எழுந்த மென்பொருள், கையாள்வோரைக் கேளாது வளருமாயின், தன் பிறப்பையே மறந்ததாகும்.