ஐந்து புத்தகங்களும் மாமியின் கண்ணாடியும்



ஒக்டோபர் மாதம் எங்கள் நாட்டில் தேசிய வாசிப்பு மாதம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பாடசாலைகளில் பேச்சுப் போட்டி, நூலகங்களில் கண்காட்சி, வாசலில் ஒரு பதாதை என்று மாதம் ஓடிவிடும். போட்டிகள் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். அம்மாமார் பேச்சை எழுதிக் கொடுத்து, பாடமாக்கப் பண்ணி, வெள்ளைச் சட்டையை அழுத்திக் கொடுப்பதோடு சரி. வாசிப்பின் பெருமையைப் பிள்ளை மேடையில் முழங்கும்போது, கீழே இருக்கும் தாய் கடைசியாக எப்போது ஒரு புத்தகத்தைத் திறந்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது என் மகள். தரம் ஏழில் படிக்கிறாள். "அம்மா, நீங்கள் சமூகவியல் படிச்சனீங்கள் எண்டு சொல்லுறீங்கள், நீங்கள் வாசிக்கிறதை நான் காணேல்லையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் வாசிப்பவை திட்ட அறிக்கைகளும் கூட்டக் குறிப்புகளும்தான். அவற்றை வாசிப்பென்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த ரோஷத்தில்தான் கடந்த ஒக்டோபரில் வீட்டுக்குள் ஒரு போட்டி வைத்தோம். மாதம் முடிவதற்குள் ஆளுக்கு ஐந்து புத்தகம். அதில் ஒன்று மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும், ஒன்று பெண் எழுதியதாக இருக்க வேண்டும், ஒன்று வாசிப்பவரின் வயதிலும் மூத்த புத்தகமாக இருக்க வேண்டும். மற்ற இரண்டும் அவரவர் விருப்பம். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஐந்து பெயர்களையும் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள் மகள். ஐந்தாவது பெயர் 'அப்பம்மா'. என் மாமியார்.

"எனக்கேன் பிள்ளை இப்ப புத்தகம்? நீங்கள் வாசியுங்கோ" என்று மாமி அரிவாளோடு முற்றத்துக்கு இறங்கிவிட்டா.

நான் அதிசயப்படவில்லை. கலியாணம் முடித்து வந்த இந்தப் பதினான்கு வருடத்தில் மாமி ஒரு கதைப்புத்தகத்தைத் தொட்டதை நான் கண்டதில்லை. நான் எப்போதாவது புத்தகத்தோடு விறாந்தையில் இருந்தால் ஒரு பார்வை பார்ப்பா. ஒன்றும் சொல்ல மாட்டா. ஆனாலும் அந்தப் பார்வைக்கு நான் ஒரு பொருள் வைத்திருந்தேன்: 'உலை கொதிக்குது, இவளுக்குக் கதைப்புத்தகம்.' உடனே எழும்பிப் போய்விடுவேன். தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் பெண் வேலை செய்கிறாள். புத்தகத்துக்கு முன்னால் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள். எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம் இது. அதை மாமிதான் காவல் காக்கிறா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி தொடங்கியது. சின்னவன் தரம் மூன்று. முதல் வாரத்திலேயே மூன்று படக் கதைகளை முடித்துவிட்டு, "படமும் கணக்குத்தானே" என்று வாதாடினான். மகள் எடுத்தது மார்ட்டின் விக்ரமசிங்க 1947 இல் எழுதிய 'மடோல் தூவ'வின் தமிழாக்கம். கொக்கல வாவியிலுள்ள தீவில் குடியேறித் தோட்டம் செய்யும் உபாலியும் ஜின்னாவும் இரண்டு கிழமைக்கு எங்கள் வீட்டிலேயே குடியிருந்தார்கள். பின்வளவு வாழைப் பாத்திக்கும் மழைவெள்ளத்துக்கும் நடுவில் இருந்த ஒரு மேட்டுக்குத் தீவென்று பெயர் வைத்து, தம்பியை அங்கே குடியேற்றி, இரண்டு பேரும் சேறாக வந்து நின்றதில் சோப்புக்கட்டி கரைந்ததுதான் எனக்கு மிச்சம். கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஒரே ஒரு புத்தகத்தோடு மாதத்தை ஓட்டினார். அதுவும் தென்னை வளர்ப்பு. அதைப் பற்றி மேலும் எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

நான் முதலில் எடுத்தது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. 1964 இல் வந்த நாவல். பெண் எழுதியது, என்னிலும் மூத்தது என்று இரண்டு நிபந்தனையை ஒரே புத்தகத்தில் முடிக்கலாம் என்ற கள்ளப் புத்தியில் எடுத்தேன். தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கை. பல்கலைக்கழகத்தில் மலையகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். லயத்துக் காம்பராவில் ஒரு பெண் எப்படிக் குளிக்கிறாள், எப்படிப் பிள்ளை பெறுகிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசித்தேன். பருப்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது. மூன்றாம் தடவை மாமி வந்து பேசாமல் அடுப்பைக் குறைத்துவிட்டு, "நீ வாசி" என்றா. அந்தச் சொல்லை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை எல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கிவைத்ததில் ஒரு நாள் வாசிப்பு நின்றது. சின்னவன் பாடப் புத்தகத்தோடு சேர்த்து ரியூசன் கொப்பியையும் வைத்து, அடுத்த நாளும் எடுக்க மறுத்தான்.

மாதத்தின் நடுவில்தான் அது நடந்தது. மகளுக்குப் பாடசாலையில் ஈழத்துச் சஞ்சிகைகள் பற்றி ஒரு செயற்றிட்டம். 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' இணையத்தளத்தில் டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' இதழ்கள் இருக்கின்றன. 1966 இல் தொடங்கிய சஞ்சிகை. ஒரு பழைய இதழைக் கைத்தொலைபேசியில் திறந்து, "அப்பம்மா, இது உங்கட காலத்துப் புத்தகம், பாருங்கோ" என்று நீட்டினாள். மாமி வழக்கம்போல, "கண்ணாடியை எங்கையோ வைச்சிட்டன், நீ வாசி பாப்பம்" என்றா. பிள்ளை விடவில்லை. இரண்டு விரலால் திரையை விரித்து, எழுத்தைப் புளியங்கொட்டை அளவுக்குப் பெருப்பித்துப் பிடித்தாள்.

மாமி வாசிக்கத் தொடங்கினா. தடக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல. ஒரு பக்கம் முடிந்ததும், "அடுத்ததைத் தள்ளு" என்றா. நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன்.

கண்ணாடி எங்கேயும் தொலையவில்லை. அலுமாரிக்குள்தான் இருந்தது. பத்து வருடத்துக்கு முந்திய கண்ணாடி. அதைப் போட்டாலும் எழுத்துத் தெரியவில்லை. மரண அறிவித்தலையும், மருந்துச் சரையில் எழுதியதையும், கோயில் நோட்டீசையும் பேரப்பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்தது அதனால்தான். "ஏன் மாமி சொல்லேல்லை?" என்று கேட்டேன். "2022 இல சாமான் எல்லாம் நெருப்பு விலை. பிள்ளையளுக்குப் பால்மாவுக்கே வரிசையில நிண்டனாங்கள். அதுக்குள்ள எனக்குக் கண்ணாடியோ? பிறகு அப்படியே பழகிப்போச்சு" என்றா.

வீடு வீடாகப் படிவத்தோடு போய், 'குடும்பத்தில் பார்வைக் குறைபாடு உள்ளவர் உண்டா?' என்று கேட்டு எழுதுகிற வேலை என்னுடையது. என் வீட்டுப் படிவத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பேன்.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விடிய ஐந்து மணிக்கு ஓட்டோ, பத்தரைக்குத்தான் எங்கள் இலக்கம். அங்கே வெள்ளெழுத்தோடு இடது கண்ணில் கண்புரை தொடங்கியிருப்பதாகவும் சொன்னார்கள். கண்புரைக்குப் பிறகு ஒருநாள் சத்திரசிகிச்சை செய்யலாம், இப்போதைக்குப் புதிய கண்ணாடி போதும் என்றார் வைத்தியர்.

வெள்ளெழுத்தை நம் பெண்கள் நோய் என்று பயப்படுகிறார்கள், அல்லது கிழடு என்று சொல்லிவிடுவார்களே என்று மறைக்கிறார்கள். அது நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகிப்போவதால் கிட்டவுள்ளதைப் பார்க்க வளைந்து கொடுக்க முடியாமற் போகிறது. நாற்பதை அண்டும்போது அநேகமாக எல்லோருக்கும் தொடங்கும். பத்திரிகையைக் கை நீட்டித் தூரப் பிடித்து வாசிக்கிறீர்களா? ஊசிக்கு நூல் கோக்கப் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் ஒரு கண்ணாடியோடு முடிகிற காரியம். சீனி வருத்தம் உள்ள சகோதரிகளுக்கு மட்டும் கதை வேறு. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாவது ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டத்தான் வேண்டும்.

அந்த மாதக் கடைசி மகளிர் குழுக் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன் இந்த ஊசிக் கேள்வியைத்தான் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பதினான்கு பேரில் ஆறு பேர். அதில் ஒரு அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. கூட்டக் குறிப்பை வாசிக்கச் சொன்னால் எப்போதும், "நான் இடம்பெயர்வோட படிப்பை விட்டனான், எனக்கு எழுத்து மறந்து போச்சு" என்று தள்ளிவிடுவா. பக்கத்திலிருந்தவவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். தாளைப் பார்த்தா, எழுத்துக் கூட்டினா, பிறகு கூட்டாமலே வாசித்தா. வாசித்து முடித்துவிட்டு, "அப்ப நான் கையெழுத்து வைச்ச கடன் பேப்பர் எல்லாத்தையும் வாசிச்சிருக்கலாம்" என்றா. யாரும் சிரிக்கவில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தபோது, தம்முடைய கடன் எத்தனை ரூபாவுக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாத பெண்களைச் சந்தித்திருக்கிறேன். அதைக் கல்வியறிவுக் குறைவு என்று அறிக்கையில் எழுதியவளும் நான்தான். அதில் எத்தனை பேருக்குக் கண்ணாடி இல்லாமலிருந்ததோ!

மாமியின் கண்ணாடி ஒரு கிழமையில் வந்தது. அன்று பின்னேரமே பிரதேச சபை நூலகத்துக்குப் போனோம். எதை எடுப்பதென்று மாமி யோசிக்கவில்லை. "வாடைக்காற்று இருக்கோ தம்பி?" என்றா. செங்கை ஆழியான் 1973 இல் எழுதிய நாவல், வீரகேசரிப் பிரசுரம். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்கள் எழுத்தாளர்களின் புத்தகங்கள் கைக்குக் கை போன காலம் அது. நெடுந்தீவுக் கரையையும் அங்கே வாடி போடும் மீனவர்களையும் பற்றிய கதை. 1978 இல் அது படமாக வந்தபோது மாமியும் மாமாவும் கலியாணம் முடித்த புதிசாம். சைக்கிளில் போய்ப் பார்த்தார்களாம். "கொப்பாவுக்குப் பாதியில நித்திரை" என்று சொல்லி மாமி சிரித்தா. மாமா இறந்தபின் அவரைச் சொல்லி மாமி சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மாமி வாசிக்கும் விதம் வேறு. மத்தியானச் சமையல் முடித்து, முகம் கழுவி, விறாந்தைக் கதிரையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டு, கோயிலுக்குப் போனதுபோல இருந்து வாசிப்பா. அந்த நேரம் சின்னவன் பந்தடித்தால் ஒரு சத்தம் கேட்கும். நாங்கள் எல்லோரும் அடங்கிவிடுவோம்.

முடித்த அன்று ஒக்டோபர் முப்பது. மழை. மின்சாரமும் நின்றுவிட்டது. 1995 இல் இதே திகதியில்தான் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனது. எனக்கு அப்போது ஆறு வயது. எதிலோ பிடித்த பிடி விடாதே என்று அம்மா சொன்னது மட்டும் நினைவு. மாமி பிள்ளைகளுக்கு வேறொரு கதை சொன்னா. மாமியின் தகப்பனார் வாத்தியார். கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரைக் கிழமை கிழமையாக வெட்டிச் சேர்த்து, தடித்த மட்டை போட்டுக் கட்டிவைத்திருந்தாராம். சீதனத்தோடு மாமி கேட்டு வாங்கி வந்தது அந்தக் கட்டைத்தான். அன்றிரவு சைக்கிளில் அரிசி, பிறப்புச் சாட்சிப் பத்திர பை, பத்து வயது மகன். "புத்தகக் கட்டைத் தூக்கினன். மாமா இறக்கி வைச்சார். நாலு நாளில வந்திடுவம் எண்டார்." 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு மாமி புத்தகம் தேடவில்லை.

"பிறகு உன்ர அம்மா வந்தா. புத்தகமும் கையுமா இருப்பா. பாக்க ஆசையா இருக்கும்" என்றா மாமி மகளிடம். நான் மெழுகுதிரியைச் சரிப்படுத்துவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கலண்டர்த் தாளின்படி மகளுக்கு ஐந்து, சின்னவனுக்கு ஏழு (படங்களோடு), எனக்கு மூன்று, கணவருக்குத் தென்னை, மாமிக்கு ஒன்று. முதலாம் திகதி காலையில் மாமி குடையும் நூலக அட்டையுமாக நின்றா. நூலகத்தில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தில் முதலாம் பாகத்தை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். வந்ததும் அறிவிப்பதாக நூலகர் சொன்னார்.

"அது எனக்குப் பாடம் தம்பி" என்றா மாமி. "ரெண்டாம் பாகத்தைத் தாங்கோ."