ஏணியின் கீழே நிற்பவர்



மேப்பிள் இலைகள் கொட்டத் தொடங்கிவிட்டன. பீலிகளைத் துப்புரவாக்க வேண்டும். அது முடிய நத்தார் விளக்குகள் கட்ட வேண்டும். கனடாவில் எங்கள் வீடுகளில் ஏணி வெளியே வருகிற காலம் இது. ஆகவே இம்முறை உடல்நலப் பக்கத்தில் ஏணியைப் பற்றிப் பேசுவோம்.

மருத்துவமனையில் காண்பதை வெளியே சொல்வது தாதியருக்கு முறையல்ல. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அப்பா எங்கள் அறைக் கதவுகளைத் தட்டி, “பிள்ளையள், ஒருக்கா ஏணியைப் பிடிக்க வாறியளே?” என்று கேட்டார். ஒருவருக்கு இரவு வேலை முடிந்து வந்த களைப்பு. மற்றவருக்குக் கையில் கைத்தொலைபேசி. “பிறகு வாறம் அப்பா” என்றோம். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. “ஊரில தென்னையில ஏறினனான், இது என்ன பெரிய வேலையே” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியே ஏறினார். ஈர இலைகளின்மேல் வைத்த ஏணி வழுக்கியது. மணிக்கட்டு முறிந்தது, இரண்டு விலா எலும்புகள் வெடித்தன. தலை தப்பியது தேவகிருபை.

உபாகமம் 22:8ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். புதுவீடு கட்டுபவர் கூரையைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்றும், கட்டாமல் ஒருவர் விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்றும் அங்கே காண்கிறோம். விழுந்தபின் அழுவதைவிட விழாமல் காப்பதே அன்பு. அந்த வசனம் எங்கள் வீட்டுக்கும் உரியது என்று அப்பா விழுந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

முதலில் ஏணியை வாங்குவது. நீட்டும் ஏணியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். கிரேட் 3 என்றால் 200 இறாத்தல் தாங்கும். கிரேட் 2 என்றால் 225. கிரேட் 1 என்றால் 250. கிரேட் 1ஏ என்றால் 300. ஏறுபவரின் எடையோடு சப்பாத்து, ஜாக்கெட், வாளி, ஆயுதங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 24 அடி என்று எழுதியிருந்தாலும் முழுவதும் நீட்டினால் 21 அடிதான் கிடைக்கும். இரண்டு பகுதிகளும் 3 அடி ஒன்றன்மேல் ஒன்று இருந்தாக வேண்டும். அலுமினியம் பாரம் குறைவு, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி அருகே உள்ள வீட்டுக்குக் கண்ணாடியிழை ஏணி நல்லது. எந்த ஏணியானாலும் கம்பியிலிருந்து 3 மீற்றருக்குக் குறையாமல் விலகியே இருக்க வேண்டும்.

அடுத்தது வைப்பது. இலைகளைக் கூட்டிவிட்டு, சமமான, உறுதியான நிலத்தில் வையுங்கள். ஏணி சாயும் இடம் 16 அடி உயரமென்றால், அதன் கால் சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்க வேண்டும். ஏணியின் காலடியில் உங்கள் கால்விரல்கள் தொட நின்று கைகளை நேரே நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் கோணம் சரி. இரண்டு பக்கப் பூட்டுகளும் படியில் விழுந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். கூரைக்கு ஏறுவதென்றால் ஏணி கூரை விளிம்புக்கு மேலே 3 அடி நீட்டியிருக்க வேண்டும்.

ஏறுபவர் செருப்போடு ஏறக்கூடாது. இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால், எப்போதும் ஏணியில் இருக்கட்டும். இடுப்புப் பட்டியின் கொளுவி ஏணியின் இரு கால்களுக்கும் நடுவிலிருந்து வெளியே போகும் அளவுக்கு எட்டக்கூடாது. இறங்கி ஏணியை நகர்த்துங்கள். மேல் மூன்று படிகளில் நிற்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவருக்கு அன்று தலைச்சுற்று இருந்தால் பீலி இன்னொரு நாளைக்குக் காத்திருக்கட்டும்.

இனி உங்கள் பங்கு. பிழையாக வைத்த ஏணியை ஒருவரின் பலத்தால் நிறுத்த முடியாது. ஆனால் கோணத்தைச் சரிபார்க்கவும், வாளியைக் கயிற்றில் அனுப்பவும், “போதும் அப்பா, இறங்குங்கோ” என்று சொல்லவும் ஒருவர் வேண்டும். அந்நேரம் கைத்தொலைபேசி பையில் இருக்கட்டும்.

யாராவது விழுந்தால் பதறித் தூக்காதீர்கள். எழுப்பி உட்கார வைக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 911ஐ அழையுங்கள். தலையும் கழுத்தும் அசையாமல் இருக்கச் சொல்லி, போர்வையால் மூடி, பக்கத்திலிருந்து பேசுங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், எழுந்து நடந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவே வேண்டும்.

எங்கள் அப்பாவின் கை ஆறிவிட்டது. குளிர் நாட்களில் மணிக்கட்டை அவர் தடவும்போது, “பிறகு வாறம்” என்ற எங்கள் சொல் எங்களுக்குக் கேட்கிறது. இப்போது அவர் கதவைத் தட்டுவதில்லை, நாங்கள்தான் அவரிடம் போய், “எப்ப பீலி துப்புரவாக்குறது?” என்று கேட்கிறோம்.

இந்தச் சனிக்கிழமை நீங்களும் கேளுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டாரைக் காப்பாராக.