வீட்டு இணையத்துக்கும் ஒரு மாற்றுவழி தேவை

இணையச் சேவை விளம்பரங்கள் எல்லாம் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. விநாடிக்கு 10 கிகாபிட் இணைப்புகளைப் பரவலாக்க அரசாங்கம் 2024ல் முதலீடு அறிவித்தது. வேகம் கூடுவது நல்லதுதான். ஆனால், அந்த இணைப்பு திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது என்று எத்தனை வீடுகளில் பேசியிருப்பார்கள்?

2021 முதல் உயர்நிலைப் பள்ளிகளின் வழக்கமான அட்டவணையில் வீட்டிலிருந்து கற்கும் நாள்கள் இடம்பெறுகின்றன. பல்கலைக்கழகத்தில் இணையவழித் தேர்வுகள் குறித்த நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்பாவின் அலுவலகக் கூட்டம், தம்பியின் பாடம், என் தேர்வு மூன்றும் ஒரே இணைப்பை நம்பி நடக்கும். சென்ற பருவத்தில் ஒரு காலை அது இரண்டு மணி நேரம் நின்றது. கைப்பேசி இணைப்பில் என் தேர்வு தப்பியது. அப்பாவின் கூட்டம் பாதியில் போனது.

“இன்னொரு நிறுவனத்திடமும் கண்ணாடியிழை இணைப்பு வாங்கிவிடலாம்” என்றார் அப்பா. பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்கப்பூரில் எந்த நிறுவனத்திடம் சேவை வாங்கினாலும், வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழை பெரும்பாலும் நெட்லிங்க் நிறுவனத்துடையது. எங்கோ பள்ளம் தோண்டும்போது அந்த வடம் அறுந்தால் இரண்டு சேவைகளுமே நின்றுவிடக்கூடும். கட்டணம் இரண்டு, பாதை ஒன்று!

பாதையே வேறாக இருந்தால்தான் அது மாற்றுவழி. 4ஜி அல்லது 5ஜி கைப்பேசி இணைப்பு அதற்குப் போதும். அதையும் வீட்டு இணையம் தரும் நிறுவனத்திடம் வாங்காமல் வேறு நிறுவனத்திடம் வாங்குவது நல்லது. சிறு நிறுவனங்கள் சில, பெரிய நிறுவனங்களின் கட்டமைப்பையே பயன்படுத்துகின்றன. எனவே, பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

சில ரவுட்டர்களில் கைப்பேசியை யுஎஸ்பி வழியாக இணைக்கலாம். முதன்மை இணைப்பு நின்றதும் ரவுட்டர் தானாகவே இரண்டாவதற்கு மாறும். ஆனால், வடம் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரவுட்டருக்கு வெளியே ஏற்படும் கோளாறு தெரியாது. இணையத்தில் உள்ள ஒரு முகவரியை அவ்வப்போது தொடர்புகொண்டு சோதிக்கும்படி அதை அமைக்க வேண்டும். இந்த வசதி இல்லாதவர்கள், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை எல்லா மடிக்கணினிகளிலும் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம்.

ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் தரவு தேவைப்படலாம். அதனால், மாற்று இணைப்பில் இருக்கும்போது தொலைக்காட்சித் தொடர்களும் விளையாட்டுப் பதிவிறக்கமும் காத்திருக்கட்டும்.

எப்போதாவது நடப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி ஏற்கெனவே இருக்கிறது. செலவாவது ஒரு மணி நேரம்தான். அதே வேளையில், தாராளமான தரவுத் திட்டம் எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகாது. எனவே, இணைப்பு நின்றால் யாரை அழைப்பது, கூடுதல் நேரம் கிடைக்குமா என்பதைக் கல்வி நிலையங்கள் தேர்வுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இளையர்களாகிய நாம்தான். இந்த வார இறுதியில் வீட்டில் சொல்லிவிட்டு, கண்ணாடியிழைப் பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது தேர்வு நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.