கோப்புக்குத் தமிழ்ப்பெயர் வைத்தால் என்ன குற்றம்?



அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்றில், "மாணவர்கள் கட்டுரைக் கோப்புகளுக்கு ஆங்கிலத்திலேயே பெயரிடட்டும், தமிழ்ப்பெயர் கணினிக்குச் சரிப்படுவதில்லை" என்று ஒருவர் சொன்னார். இருந்தோர் பலரும் தலையசைத்தனர். நான் அசைக்கவில்லை. மொழிப்பற்று மட்டும் அதற்குக் காரணமன்று. அந்தச் 'சரிப்படாமை' எங்கிருந்து வருகிறது என்பதை இரு வாரங்களுக்கு முன்னர்தான் தேடிக் கண்டுபிடித்திருந்தேன்.

நான்காம் வகுப்பு மாணவர்களைக் கற்றல் பயணமாக லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். திரும்பியபின் ஒவ்வொருவரும் தாம் கண்டதை வீட்டில் தட்டச்சு செய்தனர். பெற்றோர் ஒருவர் அவற்றையெல்லாம் தம் பழைய கணினியில் சேர்த்து, ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டி அனுப்பினார். கட்டுரைத் தலைப்பே கோப்பின் பெயர்: சிராங்கூன்சாலை, தேக்காச்சந்தை, பொங்கல்பானை, கோலமாவு, பூத்தொடுப்பவர் என்று இருபத்தாறு கோப்புகள்.

நான் திருத்துவது விம் என்னும் உரைத்தொகுப்பியில். (பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டது, அவர் 2023-இல் மறைந்தார். இதற்கு விலை கிடையாது. திறந்தவுடன், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு கேட்கும். ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான மென்பொருள் உண்டோ!) அதன் கட்டளை வரியில் கோப்புப்பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி 'டேப்' விசையை அழுத்தினால், மீதியை அதுவே நிரப்பும். 'சிரா' என்றதும் சிராங்கூன்சாலை வந்தது. 'தேக்' என்றதும் தேக்காச்சந்தை வந்தது. 'பொ' என்றேன், ஒன்றுமில்லை. 'கோ' என்றேன்; அதுவுமில்லை. கோப்புகளோ பட்டியலில் என் கண்முன்னே நிற்கின்றன!

எழுத்துருவை ஐயுற்று மாற்றினேன். விசைப்பலகையை ஐயுற்று மாற்றினேன். பயனில்லை. இறுதியில் துப்புக் கொடுத்தது 'பூத்தொடுப்பவர்'. 'பூ' என்று மட்டும் தட்டினால் அப்பெயர் வந்தது. 'பூத்தொ' வரை தட்டினால் மறைந்தது. ஆக, கள்வன் 'தொ'வில்தான் இருக்கிறான்.

பட்டியலைத் தொகுப்பிக்குள் கொணர்ந்து, அந்த எழுத்தின்மேல் சுட்டியை வைத்து 'ஜி', 'ஏ' விசைகளை அழுத்தினேன். எழுத்தின் குறியெண்ணைக் காட்டும் கட்டளை அது. நான் தட்டிய 'தொ'வில் தகரத்தை அடுத்து 3018 என்னும் ஒரே எண். கோப்புப்பெயரில் இருந்த 'தொ'விலோ 3014, 3006 என இரண்டு எண்கள்: ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டிற்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது.

ஒருங்குறி இவ்விரு முறைகளையும் ஏற்கிறது. இரண்டும் ஒன்றென்றே கொள்ள வேண்டும் என்றும் வரையறுக்கிறது. ஒருவகைக் கணினிகளின் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். பெயர் நிரப்பும் நிரலோ எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, 'இல்லை' என்று கைவிரிக்கிறது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் 54, ஔ என்னும் உயிர் ஒன்று. 247 எழுத்துகளில் இந்த 55-க்கு மட்டுமே இவ்விடர். கொம்பையும் காலையும் பிரித்தெழுதத்தானே முதல் வகுப்பில் நாமும் கற்றுக்கொடுக்கிறோம்? கணினி செய்ததும் அதுவே.

ஆக, வழு தமிழில் இல்லை. ஒரு தரத்தை முழுமையாக மதிக்காத நிரல்களின் இடைவெளியில் இருக்கிறது. மேலே புள்ளியும் கீற்றும் பெறும் ஐரோப்பிய எழுத்துகளுக்கும் இதே தொல்லை உண்டு. அம்மொழியினர் தம் மொழி கணினிக்கு ஒவ்வாது என்று முடிவுகட்டவில்லை, முறையிட்டார்கள், திருத்தினார்கள். நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் என்னும் மென்பொருளில், பிரிந்த எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு 2012-இல் இடம்பெற்றது. அதனால் தமிழுக்கும் நன்மை கிடைத்தது. நாம் கேட்டுப் பெற்றதன்று.

இதை எழுதச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது. நான் பயின்ற தேசியக் கல்விக் கழகத்தில் எனக்கு முன்னரே விரிவுரையாளராக இருந்தவர் நா. கோவிந்தசாமி. இணையத்தில் தமிழைக் காண்பதே அரிதாக இருந்த 1995-இல், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையமேற்றிய முயற்சியில் தமிழுக்காக உழைத்தவர், 'கணியன்' தந்தவர். 1997-இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இத்தீவில்தான். வசதிகள் குறைந்த காலத்தில் அவர்கள் வழி செய்தார்கள். எல்லாம் கைக்கு வந்தபின் நாம் ஒரு கோப்புக்குத் தமிழில் பெயரிடத் தயங்குகிறோம்.

"ஆசிரியருக்கு ஏது ஐயா நேரம்?" என்பீர்கள். நியாயமே. திங்கட்கிழமை காலை, வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் கோப்பு திறக்கவில்லையென்றால் நானும் ஆங்கிலப்பெயர் இட்டிருப்பேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது வேறு. கட்டையே சட்டமாக்குவது வேறு. எனக்குச் செலவானவை இரண்டு மாலைப்பொழுதுகள். திருத்தமோ, பெயர்களிலுள்ள பிரிந்த எழுத்துகளைச் சேர்க்கும் பத்து வரிக்கும் குறைந்த பைத்தான் நிரல். கூட்டத்தில் பேசியவரிடம் "எந்த எழுத்தில் சிக்கல் வந்தது?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. யாரும் பார்த்ததில்லை. பாராமலே தீர்ப்பு.

அத்தீர்ப்பைச் சுமப்பவர்கள் பிள்ளைகள். முன்பொருமுறை நானே ஆங்கிலப்பெயர் இடச் சொன்னபோது ஒரு சிறுமி, "உள்ளே எல்லாம் தமிழ்தானே ஆசிரியரே, பேர் மட்டும் ஏன் இங்கிலீஷ்?" என்றாள். "கணினி அப்படித்தான்" என்று சொல்லி வாயடைத்தேன். அது பொய்யென்று இப்போது தெரிகிறது. மறுவாரம் அவளை அழைத்து அந்த எண்களைக் காட்டினேன்.

நிரலை ஓட்டியபின் இருபத்தைந்து கோப்புகளும் டேப் விசைக்குக் கட்டுப்பட்டன. 'பௌர்ணமி' மட்டும் வரவில்லை. எழுதிய பையன் ஔகாரக் குறிக்கு மாற்றாக ளகரத்தைத் தட்டியிருந்தான். அங்கே கணினி செய்தது சரி. அக்கோப்பை அவனிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.